எந்த ஊர்த் தேதி?

2025 ஆகஸ்ட் மாதம் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் எல்லோரும் ஒரே தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்: 27. இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா ஏற்கெனவே விதித்திருந்த 25 சதவீதத்துக்கு மேல் இன்னொரு 25 சதவீத வரி அன்று அமலுக்கு வந்தது. கைப்பேசிக் காலண்டரில் இப்படியொரு தேதியைக் குறிப்பவர் ‘முழுநாள்’ என்பதைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார்; நேரம் போடத் தோன்றாது. ஆனால் ஆகஸ்ட் 6இல் கையெழுத்தான அமெரிக்க உத்தரவில் நேரம் இருந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் கோடை நேரப்படி 27ஆம் தேதி பிறந்து ஒரு நிமிடம், அதாவது 12:01. திருப்பூர்க் கடிகாரத்தில் அது 27 காலை 9:31. அதற்கு முன் கப்பலில் ஏறி இறுதிக்கட்டப் பயணத்தில் இருந்து, செப்டம்பர் 17 அதே 12:01க்குள் அமெரிக்கச் சுங்கத்தில் பதிவான சரக்குக்குக் கூடுதல் வரி கிடையாது. காலண்டரில் 27 என்ற கட்டம் நம் நள்ளிரவில் தொடங்குகிறது. சட்டத்தின் 27 அதற்கு ஒன்பதரை மணி நேரம் கழித்துத்தான் தொடங்கியது. பனியன் கம்பெனியில் அது ஒரு ஷிப்ட்டைவிட நீளம்.

ஒரு தேதிக்கு ஆயுள் 24 மணி நேரம் என்பது ஓர் ஊருக்குள் மட்டும் உண்மை. பசிபிக்கில் கிரிபாட்டி நாட்டின் லைன் தீவுகளில் பிறக்கும் ஒரு தேதி, பூமியின் மேற்குக் கோடிக் காலமண்டலத்தில் முடிய 50 மணி நேரம் ஆகிறது. திருப்பூரிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை மட்டும் கணக்கிட்டால் கோடையில் முப்பத்தாறரை மணி. 2024-25இல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை அனுப்பிய ஊர், அந்த முப்பத்தாறரை மணி நேரத்துக்குள்ளேதான் தொழில் செய்கிறது. காலண்டர் மென்பொருளோ அத்தனையையும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடைத்துவிடுகிறது. அந்தக் கட்டம் யார் பார்க்கும்போது எங்கே தெரிய வேண்டும் என்பதில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக மென்பொருள்காரர்களிடையே ஒற்றுமை இல்லை.

நேரம் குறித்த நிகழ்ச்சியில் இந்தச் சிக்கல் கிடையாது. மாலை 6 மணிக்கு லண்டன் பையரோடு வீடியோ மீட்டிங் என்றால், மென்பொருள் அதை உலகப் பொதுநேரத்தில் 12:30 என்று எடுத்துக்கொண்டு, அவரவர் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். கோடையில் லண்டன்காரருக்கு 1:30. கணக்கு சரியாக இருந்தால் தகராறே இல்லை. முழுநாள் என்று வரும்போதுதான், நாள் என்பது நேரத்தின் ஒரு துண்டா அல்லது வெறும் பெயரா என்ற கேள்வி வருகிறது.

மைக்ரோசாஃப்ட்டின் அவுட்லுக் நெடுங்காலம் முதல் பதிலைப் பிடித்துக்கொண்டிருந்தது. முழுநாள் என்றால் பதிபவரின் ஊரில் நள்ளிரவு முதல் மறு நள்ளிரவு வரை, அவ்வளவுதான். திருப்பூர் மெர்ச்சண்டைசர் ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு விடுமுறை என்று பதிந்தால், உள்ளே அது ஏப்ரல் 13 பொதுநேரம் 18:30 முதல் 14ஆம் தேதி 18:30 வரை என்று உட்காரும். லண்டனில் திறந்தால் 13 மாலை 7:30 முதல் 14 மாலை 7:30 வரை. நியூயார்க்கில் 13 மதியம் 2:30 முதல் 14 மதியம் 2:30 வரை. ஒருநாள் லீவு இரண்டு கட்டங்களில் பட்டையாக நீளும். பையர் ஆபீஸில் பார்ப்பவருக்கு திருப்பூர் இரண்டு நாள் மூடியிருப்பதாகவே தோன்றும். பதிந்தவரே ஆர்டர் பேச ஜெர்மனி போய் லேப்டாப்பின் நேரத்தை மாற்றினாலும், அவருடைய பிள்ளையின் பிறந்தநாள் இரண்டு நாளாகப் பிளக்கும்.

இந்த முறையின் பலவீனம் காலமண்டலத்தின் விதியே மாறும்போது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. இதற்கு நல்ல சாட்சி இலங்கை. மின்சாரத்தை மிச்சப்படுத்த 1996இல் அந்த நாடு கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்தள்ளியது, அதே ஆண்டு அரை மணி பின்வாங்கியது, பிறகு 2006 ஏப்ரல் 15 அன்று பொதுநேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. அந்தப் பத்தாண்டில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது; ஒரே தீவில் இரண்டு கடிகாரங்கள். கொழும்பில் ஒருவர் 2006 மே மாத விடுமுறையை ஜனவரியிலேயே நள்ளிரவுக் கணக்கில் பதிந்து வைத்திருந்தால், ஏப்ரலுக்குப் பிறகு அது முந்தைய நாள் இரவு 11:30க்குத் தொடங்குவதாகக் காட்டும். மறு ஆண்டே அமெரிக்கா கோடை நேரத்தின் தொடக்கத்தை மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கும் முடிவை நவம்பர் முதல் ஞாயிற்றுக்கும் நகர்த்தியது. புதிதாகச் சேர்ந்த அந்த வாரங்களில் முன்பே பதிந்திருந்த முழுநாள் நிகழ்ச்சிகள் ஒரு மணி நேரம் பிசகி இரண்டு நாளில் விழுந்தன. அவற்றை இழுத்து நேராக்க மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு கருவியே வெளியிட வேண்டியிருந்தது. எந்த அரசு எப்போது கடிகாரத்தைத் திருப்பும் என்று தெரியாத உலகில், விடுமுறையை நிமிடக் கணக்கில் சேமிப்பது கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை என்றே சொல்வேன்.

இரண்டாவது பதில் அதற்கும் முன்பே எழுத்தில் இருந்தது. காலண்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஐகேலண்டர் தரம் 1998இல் ஆர்.எஃப்.சி. 2445 என்ற ஆவணமாக வந்தது. 2009இல் திருத்தி 5545 ஆனது. அதில் ஒரு நிகழ்ச்சிக்கு நேரமே இல்லாமல் வெறும் எட்டு இலக்கத் தேதியை மட்டும் கொடுக்கலாம்: 20260414. காலமண்டலம் கிடையாது. எந்த ஊரில் பார்த்தாலும் 14 என்ற கட்டத்தில் நிற்கும். நம் ஆபீஸ் சுவரில் தொங்கும் சிவகாசி தினசரிக் காலண்டரை டொராண்டோவில் மாட்டினாலும், 13 என்ற தாள் அங்கே 14 பிறந்த பிறகுதான் கிழிபடும், அதே நியாயம். இதை மிதக்கும் தேதி என்கிறார்கள். கூகுள் காலண்டரும் ஆப்பிளும் இந்த வழியில்தான் போகின்றன.

தேதி மட்டும் என்றாலும் அதில் ஒரு முள் உண்டு. முடிவுத் தேதி கணக்கில் சேராது. தீபாவளிக்கு அக்டோபர் 19 முதல் 21 வரை மூன்று நாள் கம்பெனி லீவு என்றால், கோப்பில் முடிவு 22 என்று எழுதப்பட்டிருக்கும். தரத்தைச் சரியாகப் படிக்காத மென்பொருள் இதை நான்கு நாளாகக் காட்டும். அல்லது எழுதும்போது 21 என்று எழுதி, பெறுபவரிடம் இரண்டு நாளாகச் சுருங்கும். இரு வேறு மென்பொருள்களுக்கு இடையே லீவுப் பட்டியல் போய்வரும்போது கடைசி நாள் காணாமல் போனால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்காலண்டர் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. முழுநாள் நிகழ்ச்சியை அது பொதுநேர நள்ளிரவாகச் சேமித்து, பக்கத்தில் ‘இது முழுநாள்’ என்று ஒரு கொடி நட்டு வைக்கும். கொடியைப் பார்க்கும் செயலிக்குக் குழப்பமில்லை. பார்க்கத் தவறிய செயலி, திருப்பூரில் அந்த நிகழ்ச்சி காலை 5:30க்குத் தொடங்குகிறது என்று சொல்லும். நியூயார்க்கில் முந்தைய நாள் மாலையில் கொண்டுபோய் வைக்கும். காரணமே இல்லாமல் காலை 5:30 என்று எங்காவது கண்டால், யாரோ ஒரு தேதியை நேரமாக நினைத்துவிட்டார் என்று அர்த்தம்.

5:30 ஒரு கைரேகை என்றால் 18:30 இன்னொன்று. இந்தியாவில் மென்பொருள் எழுதும் எவரும் தரவுத்தளத்தில் இந்த எண்ணைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். ஆகஸ்ட் 27 என்று திரையில் தேர்ந்தெடுத்தால் உள்ளே 26ஆம் தேதி 18:30 என்று பதிவாகியிருக்கும். பிறகு யாராவது நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் அறிக்கையில் போடுவார், ஷிப்மெண்ட் ஒரு நாள் முன்னால் வந்து நிற்கும். திருப்பூரில் பல கம்பெனிகளின் நிர்வாக மென்பொருளான ஈ.ஆர்.பி. உலாவியில் ஓடுவது. உலாவியின் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் தேதிக்கென்று தனி வகை நெடுங்காலம் இல்லை. இருந்தது கணம் மட்டுமே. இதில் வேடிக்கை, ஒரே பிழையின் இரண்டு பாதிகளைக் கிழக்கும் மேற்கும் பங்கிட்டுக்கொள்கின்றன. ‘2025-08-27’ என்று எழுத்தாகக் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பொதுநேர நள்ளிரவாக எடுக்கிறது. திருப்பூரில் சோதித்தால் 27 காலை 5:30. தேதி சரி, பிழை கண்ணில் படாது. அதே திரையை நியூயார்க்கில் பையர் திறந்தால் 26. மறுதலையாக, ஊர் நள்ளிரவைப் பொதுநேரமாக மாற்றி அனுப்பும் நிரல் நியூயார்க்கில் தேதி மாறாமல் வேலை செய்யும். திருப்பூரில் ஒரு நாளை விழுங்கும். அவரவர் ஊரில் மட்டும் சோதித்தவர்கள் ‘எனக்குச் சரியாகத்தான் வருகிறது’ என்று சத்தியம் செய்வார்கள், இருவரும் பொய் சொல்லவில்லை. ஜாவா மொழியில் 2014இல் வெறுந்தேதிக்குத் தனி வகை வந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு டெம்போரல் என்ற பெயரில் அது இப்போதுதான் உலாவிகளில் இடம்பிடித்து வருகிறது.

இந்த விஷயத்தில் எக்செல் பாவப்பட்டதல்ல, பாதுகாப்பானது. மெர்ச்சண்டைசர்கள் ஓர் ஆர்டருக்கு நூல் வாங்குவது, நிட்டிங், டையிங், பி.பி. சாம்பிள் அப்ரூவல், கட்டிங், செக்கிங், இன்ஸ்பெக்ஷன் என்று வரிசையாகத் தேதி போட்டு வைக்கும் டி.என்.ஏ. (டைம் அண்ட் ஆக்ஷன்) தாள் பெரும்பாலும் எக்செல்லில்தான் இருக்கிறது. எக்செல்லுக்கு 2025 ஆகஸ்ட் 27 என்பது 45896 என்ற ஓர் எண். காலமண்டலம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. தெரியாததால் கெடுப்பதும் இல்லை. தாளை ஈ.ஆர்.பி.க்குள் ஏற்றும்போதுதான் வம்பு தொடங்குகிறது. டெலிவரியில் ஒரு நாள் என்பது திருப்பூருக்குச் சின்ன விஷயமல்ல: கப்பல் தப்பினால் விமானத்தில் போட வேண்டும், அந்தச் செலவு ஏற்றுமதியாளர் தலையில்.

இதுவரை சொன்னதை வைத்து, மிதக்கும் தேதிதான் சரி, அவுட்லுக் செய்தது தவறு என்று தீர்ப்பு எழுதிவிடலாம். பிறந்தநாளுக்கும் திருமணநாளுக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும். தொழிலுக்குப் பொருந்தாது. கெடு மிதப்பதில்லை. ஆகஸ்ட் 27 வரி எந்த ஊரிலும் அந்த ஊர் 27இல் தொடங்கவில்லை. உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் தொடங்கியது. மிதக்கும் தேதியாகப் பதிந்த காலண்டர் திருப்பூரில் ஒன்பதரை மணி நேரம் முந்திக்கொள்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் மூன்று மணி நேரம் பிந்துகிறது. அவுட்லுக்கின் பழைய முறை விடுமுறைக்குத் தப்பு, கெடுவுக்கு ஏறக்குறைய சரி.

வங்கிக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. பெரிய பையர்கள் பலர் லெட்டர் ஆஃப் கிரெடிட் எனும் எல்.சி.யை விட்டு ஓப்பன் அக்கவுண்ட்டுக்குப் போய்விட்டாலும் எல்.சி. இன்னும் திருப்பூரில் அறிமுகமில்லாத தாள் அல்ல. ஸ்விஃப்ட் வழியாக வரும் எல்.சி.யில் 31டி என்ற கட்டாயப் புலம் ஒன்று உண்டு. காலாவதித் தேதியும் இடமும் அதில் சேர்ந்தே வர வேண்டும். தேதியை மட்டும் எழுதி விட்டுவிட முடியாது. கடைசி ஷிப்மெண்ட் தேதி 44சி புலத்தில் இருந்தால், ஏற்றும் துறைமுகம் 44இ புலத்தில் இருக்கிறது. அந்த நாள் எப்போது முடியும் என்பதும் தெளிவு: சர்வதேச வணிக மன்றத்தின் யு.சி.பி. 600 விதிகளின்படி, வேலை நேரம் முடிந்த பின் வரும் ஆவணங்களை வாங்கும் கடமை வங்கிக்கு இல்லை. காலாவதி ஜெர்மனியில் என்று போட்டிருந்தால், அந்த நாள் ஜெர்மனி வங்கியின் கவுண்ட்டர் மூடும்போது முடிகிறது; நள்ளிரவில் அல்ல, நம் ஊர் நேரத்திலும் அல்ல. காலாவதி நாளில் வங்கி வழக்கமான விடுமுறையில் இருந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். ஷிப்மெண்ட் கடைசித் தேதிக்கு அந்தச் சலுகை இல்லை. எந்தத் தேதி சேரும், எது சேராது என்பதுகூட அங்கே எழுதியிருக்கிறது: ஷிப்மெண்ட் காலத்தைச் சொல்லும்போது ‘வரை’ என்றால் அந்தத் தேதியும் சேர்த்தி, ‘முன்’ என்றால் சேராது. 2007 ஜூலை முதல் அமலில் இருக்கும் விதிகள் இவை. இவ்வளவையும் படித்த வங்கி அலுவலர் தன் கைப்பேசியில் எல்.சி. காலாவதியைக் குறிக்கப் போனால், கிடைப்பது ஊர் பேரில்லாத ஒரு வண்ணப் பட்டை.

நள்ளிரவு என்ற சொல்லே இரண்டு நாளுக்குச் சொந்தம் என்பதால் அரசாங்கங்களும் தத்தமக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கின்றன. அமெரிக்கர்கள் 12:01 என்று எழுதித் தப்பிக்கிறார்கள். நம் ஜி.எஸ்.டி. அதிகாரிகள் இரண்டு தேதியையும் சேர்த்தே எழுதுகிறார்கள். சரக்கு லாரிக்கான ஈ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். மார்ச் 14 அதிகாலை 00:04க்குப் போட்ட பில்லின் முதல் நாள் மார்ச் 15-16 நள்ளிரவில் முடியும் என்பது அவர்கள் கொடுத்த எடுத்துக்காட்டு. அதாவது சட்டத்தின் ஒரு நாள் இங்கே கிட்டத்தட்ட 48 மணி நேரம்! இதைக் காலண்டர் கட்டத்தில் எப்படிக் காட்டுவது என்று யோசித்துப் பாருங்கள்.

விடுமுறையாவது ஒழுங்காக மிதக்குமா? அதுவும் பாதிதான். சூரியன் ராசி மாறும் சங்கராந்தி ஒரு கணம். அந்தக் கணத்தை எந்தத் தேதிக்குக் கொடுப்பது என்பதில் இந்தியாவுக்குள்ளேயே பல விதிகள் உண்டு. மேகநாத் சாகா தலைமையிலான நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் கொடுத்த அறிக்கை அவற்றைத் தொகுத்தது. தமிழ் விதிப்படி சங்கராந்தி சூரிய அஸ்தமனத்துக்கு முன் நடந்தால் அன்றே மாதம் பிறக்கும். பின் என்றால் மறுநாள். ஒடிசா விதிக்கு அஸ்தமனம் ஒரு பொருட்டல்ல, சங்கராந்தி நடந்த நாளே முதல் நாள். வங்காளத்தில் நள்ளிரவுக்கு முன் என்றால் மறுநாள், பின் என்றால் அதற்கும் மறுநாள். ஒரு கணத்தை நாளாக்கும் விதியில் ஊரும் ஊரின் பொழுதும் சேர்ந்தே இருக்கின்றன. பஞ்சாங்கக்காரர் கேட்காமல் விடாத கேள்வியை மென்பொருள் கேட்பதில்லை.

பண்டிகைத் தேதி ஊருக்கு ஊர் மாறுவது பையர் மேசையிலும் தெரியும். 2024இல் தமிழ்நாட்டில் தீபாவளி அக்டோபர் 31. நியூயார்க் நகரப் பள்ளிகள் தீபாவளிக்கு மூடியது நவம்பர் 1. தன் ஊர் விடுமுறைப் பட்டியலை நம்பும் நியூயார்க் பையர், 31ஆம் தேதி அவசரமாக ஒரு சாம்பிள் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. பண்டிகை முடிந்தாலும் தையல் லைன் நிறைவது உடனே இல்லை. பீகார் தொழிலாளர்கள் தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சத் பூஜையை முடித்துக்கொண்டுதான் ரயில் ஏறுவார்கள். எந்தக் காலண்டர் மென்பொருளின் ‘இந்திய விடுமுறைகள்’ பட்டியலும் இந்த நாட்களைத் திருப்பூரில் உற்பத்தி குறையும் நாட்களாகக் காட்டாது. அதை ஆள்தான் எழுத வேண்டும்.

இன்னொரு இடறல், ‘ஆள் இருக்கிறாரா’ என்று பார்க்கும் வசதி. யார் எப்போது ஓய்வு, எப்போது வேலை என்பதைக் காலண்டர் சர்வர்கள் பொதுநேரத்தில்தான் பரிமாறிக்கொள்கின்றன. மிதக்கும் தேதியை அப்போது ஏதாவது ஓர் ஊருக்குக் கட்டியே ஆக வேண்டும். 2007இன் கால்டேவ் தரம் அதற்காகவே காலண்டருக்கு ஓர் இயல்புக் காலமண்டலம் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்த அமைப்பு லண்டன் என்று கிடந்தால், திருப்பூர் ஆளின் லீவு காலை 4:30 அல்லது 5:30க்குத்தான் தொடங்கும். அவுட்லுக்கில் முழுநாள் நிகழ்ச்சி இயல்பாகவே ‘ஓய்வு’ என்று பதிவாவதால், லீவு என்று எழுதி வைத்தவருக்கும் மீட்டிங் வந்து விழும். நியூயார்க் ஆபீஸ் நேரமான திங்கள் காலை 9 முதல் மாலை 5 என்பது கோடையில் நமக்குத் திங்கள் மாலை 6:30 முதல் செவ்வாய் அதிகாலை 2:30 வரை. இரு தரப்புக்கும் ‘திங்கள் விடுமுறை’ என்பது ஒரே பட்டையாகத் தெரிந்தாலும், அவர்களுக்கு அது திங்கள் காலை இன்பாக்ஸ் காலியாக இருப்பதில்தான் உறைக்கும்.

தீர்வு தெரியாமல் இல்லை. 2021 ஜூலையில் வந்த ஜேஎஸ்கேலண்டர் தரம், ஆர்.எஃப்.சி. 8984, இரண்டு விஷயங்களையும் பிரித்துவிட்டது. நேரத்தைத் திரையில் காட்ட வேண்டுமா என்பது ஒரு குறி. காலமண்டலம் உண்டா இல்லையா என்பது வேறொரு குறி. பிறந்தநாளை மண்டலமில்லாமல் மிதக்க விடலாம், எல்.சி. காலாவதியை நேரம் காட்டாமல், ஆனால் ஜெர்மனி நாளாகக் கட்டி வைக்கலாம். ஏட்டில் இருப்பது திரைக்கு இன்னும் வரவில்லை. கூகுள் காலண்டரில் ‘முழுநாள்’ என்று டிக் போட்ட மறுகணம், நேரத்தோடு காலமண்டலத் தேர்வும் மறைந்துவிடுகிறது. விடுமுறை பதிபவருக்கு இது உபகாரம். கெடு பதிபவருக்கு அபகாரம். பெரிய நிறுவனத்தார் முழுநாளை வீட்டுக் காலண்டருக்காக யோசித்தார்கள், ஏற்றுமதி ஆபீஸுக்காக யோசிக்கவில்லை என்பதே என் எண்ணம்.

அவர்கள் திரையை மாற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. திருப்பூரில் ஈ.ஆர்.பி. எழுதுகிறவர்கள் எக்ஸ்-ஃபேக்டரி தேதி, கடைசி ஷிப்மெண்ட் தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றைக் கணமாகச் சேமிக்காமல் வெறுந்தேதியாகச் சேமித்து, பக்கத்திலேயே ஊருக்கு ஒரு கட்டாயப் புலம் வையுங்கள். 31டி மாதிரி அதைக் காலியாக விட முடியாதபடி செய்யுங்கள். சோதிக்கும்போது கணினியின் நேரத்தை ஒருமுறை நியூயார்க்குக்கு மாற்றிவிட்டு அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். மெர்ச்சண்டைசர்கள் விடுமுறைகளை முழுநாளாகவே பதியலாம். கெடு என்றால் முழுநாளைத் தொடாமல், பையர் ஊரின் காலமண்டலத்தைத் தேர்ந்தெடுத்து, கடைசி மணியைப் போட்டு, தலைப்பிலேயே ஊர்ப் பெயரையும் எழுதிவிடுங்கள். பையரின் மின்னஞ்சலில் தேதி மட்டும் இருந்தால், எந்த ஊர் நேரப்படி என்று அன்றைக்கே எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள்.